கபச் சுரப்பிக் கட்டிகள்: மருத்துவ அறிவு வளர்ந்த வரலாறு

மருத்துவ வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன மலேரியாவும் அம்மையும் காசநோயுமே. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்த நமக்கு இஃது இயல்பானதே. நம் பாட்டன்மார் காடழித்து ரப்பர் நட்ட நாள்களில், லயன்களில் வாழ்ந்தோரைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டு சென்றது மலேரியாக் காய்ச்சல். பலரைக் கொல்லும் நோய்க்கு வரலாறு எழுதப்படுகிறது, நூல்கள் பிறக்கின்றன. பல்லாயிரவருள் ஒருவருக்கு மட்டும் வருகின்ற நோயைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்த ஒருவர் நம் வகுப்பறையிலேயே அமர்ந்திருக்கும்போதுதான் அதன் வரலாறும் நமக்குத் தேவையாகிறது.

ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்கு முன், ஆசிரியப் பயிற்சியை முடித்து நான் முதன்முதலாகப் பணியேற்ற தோட்டப் பள்ளியில், நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் கதவு நிலையில் தோளை இடித்துக் கொள்வான். பக்கத்திலிருந்து எறியப்படும் பந்து தன்மீது பட்ட பிறகே திரும்பிப் பார்ப்பான். பாடத்தின் நடுவே இருமுறை, மும்முறை வெளியே செல்ல அனுமதி கேட்பான். குழாயடியில் நின்று வயிறு முட்ட நீர் குடிப்பான். காலை வேளைகளில் தலைவலி என்பான். இவற்றையெல்லாம் கவனக்குறைவு என்றும், பாடத்துக்கு அஞ்சிச் செய்யும் சாக்கு என்றும் எண்ணி அவனை நான் பலமுறை கடிந்துகொண்டேன். கண் பரிசோதனை நாளில், சுவரில் மாட்டிய அட்டையின் எழுத்துகளை அவன் பிழையின்றிப் படித்தான். ஆகவே கண்ணில் குறையில்லை என்று எல்லாரும் முடிவு செய்தோம். அவன் தாயோ காத்துக் கருப்பு என்று அஞ்சி, முனீஸ்வரர் கோயிலில் வேண்டிக் கயிறு கட்டினார்.

ஓராண்டு கழிந்து பார்வை மங்கிய பின்னரே அவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். மூளையின் அடியில், கபச் சுரப்பிக்கு மேலே ஒரு கட்டி வளர்ந்திருப்பதாகக் கூறினார்கள். "மூளைக்குள்ள சுரப்பியா? அது என்னா சார்?" என்று அந்தத் தாய் என்னைக் கேட்டார். மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் விளக்கியதைத் தமிழில் எடுத்துச் சொல்ல எனக்குச் சொல் கிடைக்கவில்லை; பொருளும் விளங்கவில்லை. அன்று சொல்ல இயலாததை இன்று எழுத முனைகின்றேன்.

தேரையும் கபமும்

தலைக்குள் நோய் வளரக்கூடும் என்ற எண்ணம் தமிழர்க்குப் புதிதன்று. சித்த மருத்துவ மரபில் வழங்கும் தேரையர் கதையை மாணவர் பலரும் கேட்டிருப்பர். தீராத தலைவலியால் வருந்திய அரசன் ஒருவனின் மண்டையோட்டை அகத்தியர் திறந்து பார்க்க, மூளையின் மீது ஒரு தேரை அமர்ந்திருந்ததாம். அதை எவ்வாறு எடுப்பது என்று குரு திகைத்து நிற்க, சீடன் ஒரு பாத்திரத்தில் நீரைக் கொணர்ந்து அலம்பினானாம். நீரொலி கேட்ட தேரை அதனுள் பாய்ந்தது. சீடனும் தேரையர் என்ற பெயரைப் பெற்றான். பௌத்தர்களின் விநய நூலிலும், இராசகிருகத்து வணிகன் ஒருவனின் தலையைத் திறந்து மருத்துவர் ஜீவகர் இரண்டு புழுக்களை எடுத்த கதை உண்டு. இவற்றை நடந்த நிகழ்ச்சிகள் என்று நாம் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் தலைவலிக்குத் தலைக்குள்ளேயே ஒரு பொருள் காரணமாகலாம், அதை எடுத்துவிட்டால் நோய் தீரலாம் என்ற கருத்து அக்கதைகளில் உள்ளது. அப்பொருளுக்குத் தேரை என்றும் புழு என்றும் அக்காலத்தார் பெயரிட்டனர்.

மேலைநாட்டார் இச்சுரப்பிக்குத் தந்த பெயரும் ஒரு தவறான கருத்திலிருந்தே பிறந்தது. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் காலன், மூளையில் சேரும் கழிவாகிய கபம் இச்சுரப்பியின் வழியாக வடிந்து மூக்கையும் அண்ணத்தையும் அடைகிறது என்று கருதினார். வாதம், பித்தம், கபம் என்று பயின்ற நமக்கு இக்கருத்து அந்நியமாகத் தோன்றாது. 1543ஆம் ஆண்டில் மனித உடலின் அமைப்பைப் பெருநூலாக வெளியிட்ட வெசாலியசும் இதைக் கபத்தை ஏற்கும் சுரப்பி என்றே குறித்தார். இலத்தீன மொழியில் கபத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே 'பிட்யூட்டரி' என்ற பெயர் வந்தது. தமிழில் இதைக் 'கபச் சுரப்பி' என்று எழுதுவோரும் அப்பழம் பெயரையே மொழிபெயர்த்துள்ளனர்.

17ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரத்து ஷ்னைடரும், இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோவரும் மூளையிலிருந்து மூக்குக்குக் கபம் வடிய வழியே இல்லை என்பதைக் காட்டினர். ஏறத்தாழ 1500 ஆண்டுகள் நிலைத்த கருத்து வீழ்ந்தது. ஆனால் இச்சுரப்பி வேறு என்னதான் செய்கிறது என்ற வினாவுக்கு அடுத்த 200 ஆண்டுகள் விடை கிடைக்கவில்லை. பெயர் மட்டும் நின்றது.

அமைந்திருக்கும் இடம்

வரலாற்றைத் தொடருமுன் இச்சுரப்பியின் இருப்பிடத்தை அறிந்துகொள்வது நலம். இரு கண்களுக்கும் நடுவே, மூக்கின் உட்புறத்துக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் போன்ற ஒரு குழி உண்டு. உடற்கூற்று நூலார் அதைத் துருக்கிச் சேணம் என்பர். அச்சேணத்தில் பட்டாணி அளவில், அரை கிராம் எடையளவில் அமர்ந்திருப்பது கபச் சுரப்பி. மூளையிலிருந்து ஒரு மெல்லிய காம்பில் அது தொங்குகிறது. அதன் முன்பகுதி மூளையிலிருந்து தோன்றுவதன்று. கருவிலிருக்கும் குழந்தையின் வாயின் மேற்கூரை பைபோல் மேலெழுந்து இப்பகுதியாகிறது. இதனை 1838இல் விளக்கியவர் ராத்கே என்னும் ஜெர்மானியர்.

சுரப்பிக்குச் சற்று மேலே, இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்கின்றன. வலப்புறக் காட்சியையும் இடப்புறக் காட்சியையும் அவ்வக் கண்ணின் வெளியோரத்திலிருந்து ஏற்கும் இழைகளே அங்குக் குறுக்காகக் கடப்பவை. கீழேயிருந்து ஒரு கட்டி மேல்நோக்கி வளர்ந்தால் முதலில் நசுங்குவன அவ்விழைகள்தாம். அதனால் இரு கண்களிலும் வெளியோரப் பார்வை மறைகிறது. நடுப்பார்வை நெடுநாள் தெளிவாக இருக்கும். வண்டி மாட்டுக்குக் கண்ணின் இருபுறமும் மறைப்புக் கட்டியது போன்ற நிலை அது. எதிரே மாட்டிய அட்டையின் எழுத்துகளை என் மாணவன் ஏன் படித்தான் என்பதும், கதவு நிலையில் ஏன் இடித்துக் கொண்டான் என்பதும் இதனால் விளங்கும். குறையுடையவனுக்கே தன் குறை தெரிவதில்லை. உலகம் அவ்வளவுதான் என்று எண்ணிக்கொள்கிறான்.

கையும் முகமும் கூறிய செய்தி

இச்சுரப்பியின் நோயை முதலில் வெளிப்படுத்தியவை நோயாளரின் கைகளும் முகமுமே. 1886ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் பியேர் மரி, இரண்டு நோயாளரைப் பற்றி எழுதினார். வளர்ச்சி நின்ற வயதுக்குப் பிறகும் அவர்களின் கைகளும் கால்களும் பெருத்தன, தாடை நீண்டது, மூக்கும் உதடும் தடித்தன. உறுப்புகளின் நுனிகள் பெருக்கும் நோய் என்ற பொருளில் அதற்கு 'அக்ரோமெகலி' என்று பெயரிட்டார். இத்தகையோர் இறந்தபின் ஆராய்ந்தபோது கபச் சுரப்பி பெருத்திருப்பது தெரிந்தது. ஆயினும் கை பெருத்தது போலவே சுரப்பியும் பெருத்தது என்றே மரி முதலில் கொண்டார். அதாவது சுரப்பியின் பெருக்கம் நோயின் விளைவு என்பது அவர் கருத்து. 1887இல் மின்கௌஸ்கி என்பார் சுரப்பியின் பெருக்கம் இந்நோயில் தவறாது காணப்படுவதைச் சுட்டினார். அதுவே காரணமாகலாம் என்ற எண்ணம் மெல்ல வலுப்பெற்றது.

விளைவு எது, காரணம் எது என்று பிரித்தறிவதே மருத்துவத்தின் முதற்பணி. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' நோயின் காரணத்தை நாடியறிய வேண்டும் என்று வற்புறுத்துவதை நாம் வகுப்பறையில் கற்பிக்கின்றோம். அக்ரோமெகலி நோயில் அப்பணி முடிய 20 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1909ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், சுரப்பி மிகுதியாகச் சுரந்தால் ஒருவகை நோயும், குறைவாகச் சுரந்தால் வேறுவகை நோயும் தோன்றும் என்ற கொள்கையை முன்வைத்தார். 1921இல் இவான்சும் லாங்கும் இச்சுரப்பியின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தி, அவை பேருருவாக வளர்வதைக் காட்டினர்.

1909ஆம் ஆண்டில் நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. அயர்லாந்தைச் சேர்ந்த சார்ல்ஸ் பர்ன் என்னும் இளைஞர் 7 அடி 7 அங்குல உயரமுடையவர். இலண்டனில் மக்கள் காசு கொடுத்துக் காணும் காட்சிப் பொருளாக வாழ்ந்தவர். 1783ஆம் ஆண்டு 22 வயதில் இறந்தார். தம் உடலை யாரும் அறுத்து ஆராயக்கூடாது, கடலில் இட்டுவிட வேண்டும் என்பது அவர் இறுதி விருப்பம். ஆனால் உடற்கூற்று அறிஞர் ஜான் ஹண்டர் அவ்வுடலை விலைகொடுத்துப் பெற்று, எலும்புக்கூட்டைத் தம் காட்சியகத்தில் வைத்தார். 1909இல் குஷிங்கும் ஆர்தர் கீத் என்பாரும் அம்மண்டையோட்டைத் திறந்து பார்த்தபோது, சேணக்குழி அகன்று கிடந்தது. அவர் பேருருவின் காரணம் புலனாயிற்று. 2011ஆம் ஆண்டில் அவருடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து, அதே மரபணுக் குறை வட அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றில் இன்றும் தொடர்வதைக் கண்டறிந்தனர். அக்குடும்பத்தாரை முன்கூட்டியே எச்சரிக்க அஃது உதவிற்று. எனினும் ஓர் ஏழையின் இறுதி விருப்பத்தை மீறிப் பெற்ற அறிவு அது. 2023இல் அக்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது, அவ்வெலும்புக்கூடு காட்சிக்கு வைக்கப்படவில்லை. 240 ஆண்டுகள் தாழ்த்தேனும் அவ்வளவு மரியாதை செய்யப்பட்டது.

1901ஆம் ஆண்டின் இரு குழந்தைகள்

பெரியோரின் கை கால் பெருத்தால் எவரும் காண்பர். குழந்தையின் வளர்ச்சி நின்றால் அதைக் காண்பது அரிது. 1901ஆம் ஆண்டில் வியன்னாவின் பிரோலிக் என்னும் மருத்துவர் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவன் உடல் பருத்தது, பருவ மாற்றங்கள் தோன்றவில்லை, தலைவலியும் வாந்தியும் இருந்தன, பார்வை குன்றியது. கை கால் பெருக்காமலேயே கபச் சுரப்பிப் பகுதியில் கட்டி இருக்கக்கூடும் என்று அவர் கூறினார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், இதே குறிகளையுடைய சிறுமி ஒருத்தி குஷிங்கிடம் வந்தாள். மூளையில் கட்டி என்று உணர்ந்து அவர் அறுவை செய்தார். ஆனால் கட்டி இருக்கும் இடத்தை அறியவில்லை. சிறுமி இறந்தாள். அதன் பிறகே, கட்டி கபச் சுரப்பிப் பகுதியில் இருந்தது தெரியவந்தது. அத்தோல்வியை அவர் மறைக்கவில்லை. 1906இல் கட்டுரையாகவே வெளியிட்டார். தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இச்சுரப்பிக்கே கொடுத்தார். 1912இல் கபச் சுரப்பியின் நோய்களைப் பற்றிப் பெருநூல் எழுதினார். 1910இல் தம்மிடம் வந்த, முகம் நிலவுபோல் உருண்டு உடல் பருத்த இளம்பெண்ணின் நோயை 22 ஆண்டுகள் தொடர்ந்து சிந்தித்து, 1932இல் அதற்கும் இச்சுரப்பியின் மிகச் சிறு கட்டியே காரணமாகலாம் என்று நிறுவினார். அந்நோய் இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

குழந்தைகளின் கட்டி பெரும்பாலும் சுரப்பியில் பிறப்பதன்று என்பதை 1904இல் வியன்னாவின் எர்ட்ஹைம் தெளிவாக்கினார். கருவில் வாயின் கூரையிலிருந்து சுரப்பி மேலெழுந்த வழியில் தங்கிவிட்ட உயிரணுக்களிலிருந்தே அக்கட்டி தோன்றுகிறது. என் மாணவனுக்கு வந்ததும் அதுவே. அது புற்றுநோய் அன்று, மெல்ல வளர்வது. ஆனால் பார்வை நரம்போடும் சுரப்பியின் காம்போடும் ஒட்டிக்கொண்டு வளர்வதால், பிரித்தெடுப்பது கடினம்.

மூக்கின் வழியே

கட்டி இருக்கும் இடம் தெரிந்தது. அதை அடைவது எவ்வாறு? இலண்டனின் விக்டர் ஹார்ஸ்லி மண்டையோட்டின் பக்கத்தைத் திறந்து அடைய முயன்றார். 1907ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரில் ஹெர்மன் ஷ்லோபர், மூக்கை ஒருபக்கம் விலக்கி அதன் பின்னுள்ள எலும்பறையின் வழியாகக் கீழிருந்து கட்டியை அடைந்தார். நோயாளி சில வாரங்களே வாழ்ந்தாராயினும் வழி திறந்தது. அதே ஆண்டில், பிரோலிக் எழுதிய சிறுவனுக்கும் ஐசல்ஸ்பர்க் என்பார் அவ்வழியிலேயே அறுவை செய்து பயன் கண்டார். கபம் மூக்குக்கு வடியும் வழி என்று காலன் எண்ணியது பொய்யாயினும், மூக்கின் வழியே சுரப்பியை அடையலாம் என்பது மெய்யாயிற்று.

குஷிங் மேலுதட்டின் அடியில் கீறி மூக்கின் உள்ளே செல்லும் முறையை வளர்த்தார். 1910 முதல் 1925 வரை 231 பேருக்கு அவ்வாறு செய்தார். இறந்தோர் நூற்றுக்கு 6 பேருக்கும் குறைவு. நோய்க்கிருமி எதிர்ப்பு மருந்துகள் தோன்றாத காலத்தில் இது பெருஞ்சாதனை. பின்னர் அவரே மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கு மாறினார். அறுவை மருத்துவர் பலரும் அவரைப் பின்பற்றவே, மூக்கின் வழி மறக்கப்படும் நிலையை எய்தியது. ஆனால் அவரிடம் பயின்ற நார்மன் டாட் அதை எடின்பரோவில் விடாது பேணினார். டாட்டிடமிருந்து பாரிஸ் நகரத்துக் கியோ கற்றார். கியோவிடமிருந்து கனடாவின் ஜூல்ஸ் ஹார்டி கற்று, 1960களில் அறுவை நுண்நோக்கியை அதனோடு இணைத்தார். சுரப்பியைக் காத்துக் கட்டியை மட்டும் நீக்குவது அதனால் கைகூடியது. ஆசான் கைவிட்ட முறையை ஒரு மாணவர் காத்து, அவர் வழியாக வந்த மற்றொருவர் செம்மை செய்த இவ்வரலாறு ஆசிரியராகிய நாம் எண்ணி மகிழத்தக்கது.

தமிழகத்துக்கு வந்த கல்வி

அதே குஷிங்கின் வழியில் மற்றொரு கிளை தமிழகத்தை வந்தடைந்தது. குஷிங்கிடம் இளமையில் பயிற்சி பெற்றவர் வைல்டர் பென்பீல்டு. அவர் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நரம்பியல் கழகத்தை நிறுவினார். அவரிடம் பயின்ற கேரளத்தவரான ஜேக்கப் சாண்டி, 1949ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். சீர்காழியில் பிறந்த டாக்டர் பா. இராமமூர்த்தி, இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பயின்று திரும்பி, 1950ஆம் ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் இத்துறையைத் தொடங்கினார். இவ்விருவரும் வேறிருவரோடு சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினர். அதற்கு முன் மூளைக்கட்டி கண்ட ஏழைத் தமிழன் தன் நாட்டில் எங்கே செல்வது என்ற வினாவுக்கு விடை இருந்ததில்லை. அரசு மருத்துவமனையில் இத்துறை தொடங்கியதால் உழவனும் கூலியாளும் இம்மருத்துவத்தைப் பெறும் நிலை உண்டாயிற்று. நம் நாட்டிலும் கோலாலம்பூர் மருத்துவமனையில், துங்கு அப்துல் ரஹ்மான் பெயரைத் தாங்கிய நரம்பியல் கழகம் பின்னாளில் எழுந்தது.

கத்தி தொடாத மருத்துவம்

அறுவையின் வெற்றிக்கு வேறு பல கண்டுபிடிப்புகளும் துணைநின்றன. 1895இல் ரோன்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தபின், உயிரோடிருக்கும் மனிதனின் சேணக்குழி அகன்றிருப்பதைப் படத்தில் காண முடிந்தது. 1971இல் இலண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை, ஹவுன்ஸ்பீல்டு உருவாக்கிய கணினி ஊடுகதிர்க் கருவியால் படம் பிடிக்கப்பட்டது. 1980களில் பரவிய காந்த அதிர்வுப் படம், சில மில்லிமீட்டர் அளவுள்ள கட்டியையும் காட்டிற்று. இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் கலந்துள்ள சுரப்புநீரை அளக்கும் முறையை வகுத்த ரோசலின் யாலோ என்னும் பெண்மணி, 1977இல் நோபல் பரிசு பெற்றார்.

தணியாத தாகத்தின் காரணமும் தெளிவாயிற்று. சிறுநீரகம் நீரைக் காத்துக்கொள்ளுமாறு செய்யும் சுரப்புநீர் கபச் சுரப்பியின் பின்பகுதியிலிருந்து வருகிறது. 1913இலேயே அப்பகுதியின் சாற்றைச் செலுத்தினால் சிறுநீர்ப் பெருக்கு குறையும் என்று கண்டனர். 1950களில் டு விக்னோ அச்சுரப்புநீரை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினார். 1955இல் நோபல் பரிசு பெற்றார். கபச் சுரப்பி வேலை செய்யாதபோது உடல் அறுவையின் அதிர்ச்சியைத் தாங்காது. 1949க்குப் பின் மருத்துவர் கைக்கு வந்த கார்டிசோன் என்னும் மருந்து அக்குறையை ஈடுசெய்தது. தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் சுரப்புநீரை மிகுவிக்கும் கட்டிகளை, 1970களில் வந்த புரோமோகிரிப்டின் மருந்து கத்தியின்றியே சுருங்கச் செய்தது. சுரப்புநீரை மிகுவிக்கும் கபச் சுரப்பிக் கட்டிகளுள் அவ்வகையே மிகுதி என்பதால், பலர் அறுவையிலிருந்து தப்பினர்.

இவ்வளர்ச்சியில் ஒரு துயரமும் உண்டு. 1958இல் ரேபன் என்பார், வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவனுக்கு மனித வளர்ச்சிச் சுரப்புநீரைக் கொடுத்துப் பயன் கண்டதை எழுதினார். இறந்தோரின் கபச் சுரப்பிகளிலிருந்தே அஃது எடுக்கப்பட்டது. உலகெங்கும் பல்லாயிரம் குழந்தைகள் அதனால் உயரம் பெற்றனர். ஆனால் சிலருக்கு அதனோடு மூளையை அழிக்கும் ஒரு கொடுநோயும் கலந்து சென்றிருந்தது. பல ஆண்டுகள் கழித்து, 1985இல்தான் அது வெளிப்பட்டது. உடனே அம்மருந்து அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே மரபணு முறையில் நுண்ணுயிர்களைக் கொண்டு ஆக்கிய தூய சுரப்புநீர் பயன்பாட்டுக்கு வந்தது. நன்மை செய்யும் அறிவும் விழிப்போடு நடக்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

தமிழில் எழுதுதல்

இவ்வரலாறு தமிழில் எழுதத்தக்கதா என்று ஐயுறுவோர் உளர். 19ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'அங்காதிபாதம்', 'இரண வைத்தியம்' முதலிய நூல்களையும் தமிழில் தந்தார். அயல்நாட்டார் ஒருவர் அன்று செய்த பணியை நாம் தொடர்ந்து செய்திருப்போமாயின், அறுவைக்கு உடன்படும் தாளில் கைந்நாட்டு வைக்கும்முன் அந்தத் தாய்க்கு நான் நான்கு சொற்களேனும் விளங்கச் சொல்லியிருப்பேன். கலைச்சொல் என்பது அறிஞர் அவையில் விவாதிப்பதற்கு மட்டும் உரியதன்று. அச்சமுற்ற ஒருவரின் கேள்விக்கு விடை சொல்லவும் அது வேண்டும்.

ஆசிரியர் காணத்தக்கவை

இனி நம் பணிக்கு வருவோம். இக்கட்டிகள் அரியன. தலைவலி என்று கூறும் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டி இருப்பதாக அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் குழந்தையை ஆண்டுதோறும் நாள்தோறும் காண்பவர் ஆசிரியரே; மருத்துவர் அல்லர்.

காலைச் சபைகூடலில் மாணவரை உயர வரிசையில் நிறுத்துகின்றோம். இரண்டாம் ஆண்டில் வரிசையின் நடுவில் நின்ற குழந்தை, மூன்றாம் ஆண்டில் முன்னே வந்து, நான்காம் ஆண்டில் முதலாவதாக நின்றால், அக்குழந்தை வளரவில்லை என்று பொருள். என் மாணவன் அவ்வாறே முன்னே நகர்ந்து வந்தான். வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தேனே தவிர, அவன் ஏன் முன்னே வந்தான் என்று நான் எண்ணவில்லை. ஓயாத தாகமும், அடிக்கடி வெளியே செல்லக் கேட்பதும், இரவிலும் எழுந்து நீர் குடிப்பதும், காலைத் தலைவலியும் வாந்தியும், பக்கத்தில் உள்ளவற்றில் இடித்துக் கொள்வதும் குறிப்பில் வைக்கத்தக்கவை. ஒன்று மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்தால் மருத்துவரிடம் அனுப்புவதே முறை.

கண் மருத்துவர் செய்யும் எளிய சோதனை ஒன்றை நாமும் செய்து பார்க்கலாம். குழந்தையை எதிரே அமர்த்தி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நம் மூக்கையே பார்க்கச் சொல்ல வேண்டும். நாம் ஒரு விரலை அசைத்தவாறு வெளியோரத்திலிருந்து மெல்ல உள்நோக்கிக் கொண்டுவர வேண்டும். விரல் தெரிந்தவுடன் குழந்தை கூற வேண்டும். மறு கண்ணுக்கும் அவ்வாறே செய்ய வேண்டும். இரு கண்களிலும் வெளியோரத்தில் விரல் தெரியத் தாழ்ந்தால், காலம் கடத்தாமல் பெற்றோரிடம் தெரிவிக்க வேண்டும். இதற்குக் கருவி வேண்டா, பணம் வேண்டா, இரண்டு நிமிடங்கள் போதும்.

என் மாணவனுக்குக் கோலாலம்பூரில் அறுவை நடந்தது. உயிர் தப்பினான், நடுப்பார்வை ஒரு கண்ணில் நன்றாகவும் மறு கண்ணில் ஓரளவும் நின்றது. இழந்த ஓரப் பார்வை மீளவில்லை. சுரப்புநீர் மருந்துகளை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டியவனானான். இன்று அவர் சிரம்பானில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறார். சாலையைக் கடக்கும்போது தலையை முழுவதும் இருபுறமும் திருப்பிப் பார்த்தே கடப்பார். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவார். நான் கடிந்ததைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை, நானும் மறந்ததில்லை.

அந்த ஓராண்டை அவருக்கு நான் மீட்டுத்தர இயலாது. ஒரு சிறுமியைக் காக்க இயலாத குஷிங், அத்தோல்வியை எழுதிவைத்துப் பிறரைக் காத்தார். அவர் அறிவு எனக்கில்லை. எழுதிவைக்கும் கடமை மட்டும் எனக்கும் உண்டு. இதைப் படிக்கும் ஆசிரியர் ஒருவர், நாளைக் காலைச் சபைகூடலில் வரிசையின் முன்னே நிற்கும் குழந்தையைச் சென்ற ஆண்டின் குறிப்போடு ஒப்பிட்டுப் பார்ப்பாராயின், இக்கட்டுரை தன் பயனை எய்தியதாகும்.